கைக்குள் அடங்கும் புத்தர்

கலையின் சிறப்பை உருவின் அளவால் மதிப்பது மக்களிடையே வேரூன்றிவிட்ட வழக்கம். சாவகத்துப் போரோபுதூரைக் கண்டு வந்தவர் அதன் அடுக்குகளையும் கற்சிற்பங்களின் எண்ணிக்கையையும் வியந்து பேசுவர். தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டவர் அதன் விமானத்தின் உயரத்தையே முதலிற் கூறுவர். ஆனால், அரும்பொருட் காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் விரலளவினவாயும் சாணளவினவாயும் வைக்கப்பட்டுள்ள புத்தர் படிமங்களின் முன் நின்று பார்ப்போர் மிகச் சிலரே. அவற்றை விளையாட்டுப் பொம்மை போல் எண்ணிக் கடந்து செல்வோரே பலர்.

கற்றவரிடையேயும் இச்சிற்றுருவங்களைப் பற்றி இரு கருத்துகள் வழங்குகின்றன. கோயிலில் நிறுவப்பட்ட பெரும் படிமத்தைப் பார்த்துச் செய்த சிறுபடியே இது என்பது ஒன்று. பெரும் படிமம் செய்விக்கப் பொருள் இல்லாதவர் தம் வசதிக்கேற்பச் செய்துகொண்ட எளிய உரு இது என்பது மற்றொன்று. இவ்விரு கருத்திலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் பெரியதையே அளவுகோலாகக் கொண்டு சிறியதை அளக்கின்றன. பெரும் படிமத்தால் செய்ய இயலாத சில தொண்டுகளுக்கென்றே சிறு படிமம் தோன்றியது என்பதை அவை காணத் தவறுகின்றன. எடுத்துச் செல்லுதல், எண்ணிறந்தனவாகப் பெருக்குதல், மண்ணுள் பொதிந்து வைத்தல் என்னும் மூன்றும் அத்தொண்டுகள். இம்மூன்றையும் தெளிய அறிந்தாலன்றி அவ்வுருவங்களின் கலைநலத்தையும் சமயப் பொருளையும் மதிப்பிடுதல் அரிது.

படிமம் எதற்கு?

புத்தர் பெருமான் வரம் அருளும் கடவுளாகத் தம்மைக் கூறிக்கொண்டவர் அல்லர். தாம் கண்ட நெறியைப் பிறர்க்கு எடுத்துரைத்த ஆசானாகவே அவர் விளங்கினார். அவர் மறைந்து சில நூற்றாண்டுகள் வரை அவருக்கு மனித வடிவில் உருவம் அமைக்கும் வழக்கம் பரவவில்லை. சாஞ்சியிலும் பார்கூத்திலும் உள்ள பழஞ்சிற்பங்களில் அரசமரமும், அறவாழியும், அடிச்சுவடும், வெறும் இருக்கையுமே அவரைக் குறித்து நிற்கின்றன. கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளிலேயே காந்தாரத்திலும் மதுராவிலும் புத்தர் உருவம் பெருக வழங்கலாயிற்று. மணிமேகலையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இச்செய்தி புதிதன்று. மணிபல்லவத்தில் மணிமேகலை வணங்கித் தன் பழம்பிறப்பை உணர்ந்தது புத்த பீடிகையின் முன்னரேயாகும். ஆங்கே படிமம் ஏதும் இல்லை.

வழிபாட்டுக்குரிய பொருள்களை மூவகையாகப் பிரித்துக் கூறுவது பௌத்த மரபு. புத்தரின் உடற்சின்னங்களாகிய எலும்பும் சாம்பலும் ஒருவகை. அவர் பயன்படுத்திய திருவோடும், அவர் அமர்ந்த போதிமரமும் போன்றவை மற்றொரு வகை. அவரை நினைவூட்டும் பொருட்டு அமைக்கப்பட்டவை மூன்றாம் வகை. படிமங்கள் இம்மூன்றாம் வகையைச் சார்ந்தவை. நினைவூட்டுதலே படிமத்தின் முதற் பணியாதலின், அதற்குப் பேருருவம் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் உருவமும் மலையளவு உருவமும் அப்பணியில் ஒன்றே.

பிற்காலத்தில் இன்னுமொரு கருத்து இதனுடன் சேர்ந்தது. எல்லாம் காரணத்தால் தோன்றுகின்றன, அக்காரணமும் அவற்றின் ஒடுக்கமும் ததாகதரால் உரைக்கப்பட்டன என்னும் பொருள்படும் சிறு செய்யுள் ஒன்று பௌத்த உலகெங்கும் பரவியது. சாரிபுத்தர் இதனைக் கேட்டே நெறிக்கு வந்தார் என்பது மரபு. இச்செய்யுளைப் பொறித்த பொருள், புத்தரின் உடற்சின்னத்தோடு ஒத்த மதிப்புடையதாகக் கருதப்பட்டது. அறவுரையே ஆசானின் உடல் என்பது அதன் உட்கருத்து. ஆதலால் ஒரு சிறு படிமத்தின் பீடத்திலோ முதுகிலோ இச்செய்யுள் பொறிக்கப்பட்டபோது, அது நினைவுக் குறி என்னும் நிலையினின்றும் உயர்ந்து, அறத்தையே தன்னுள் தாங்கிய பொருளாயிற்று. இவ்வாறு மதிக்கப்பட்ட சிறு பொருள்கள் நிலத்தையும் கடலையும் கடந்து சென்ற வரலாறு நெடியது.

வழித்துணையாகிய படிமம்

சீனப் பயணி இயூவான் சுவாங் இந்திய நாட்டினின்றும் 645-இல் தம் தலைநகர்க்கு மீண்டபோது, அறுநூற்றுக்கு மேற்பட்ட சுவடிகளுடன் ஏழு படிமங்களையும் கொண்டு சென்றார். கடத்தற்கரிய பாலைவழியில் ஒரு சமயத்தையே பெயர்த்துச் செல்ல விழைந்த அத்துறவிக்குச் சுவடி எத்துணை இன்றியமையாததோ, படிமமும் அத்துணை இன்றியமையாததாயிற்று. புதிய நாட்டில் அமையும் பள்ளிக்குப் படிமம் மூல வடிவமாகவும் உதவியது. இந்தியச் சிற்பியின் கைவண்ணம் இந்நாடுகளுக்கு வந்த வழிகளுள் சிறு படிமங்கள் வந்த வழியும் ஒன்று.

அவை எத்துணைத் தொலைவு சென்றன என்பதற்குச் சுவீடன் நாட்டு எல்கோ தீவு சான்று. 1950-களில் அங்கு நடந்த அகழாய்வில் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிற் செய்யப்பட்ட வெண்கலப் புத்தர் படிமம் ஒன்று கிடைத்தது. அதன் உயரம் 8.4 செ.மீ.; காலம் 6-ஆம் நூற்றாண்டு. அதனை அங்குக் கொண்டு சேர்த்த கைகள் பல இருந்திருக்கலாம். அவர்களுள் எல்லோரும் பௌத்தராய் இருந்திருக்க மாட்டார். எனினும் கையடங்கும் உருவாயிருந்ததனாலேயே அது அத்தொலைவு செல்ல முடிந்தது.

இம்மலைநாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சேம்சு லோ என்னும் ஆங்கிலேய அலுவலர் 1834-இல் செபராங் பிறையில் கற்பலகை ஒன்றைக் கண்டெடுத்தார். அதில் பல குடைகள் அடுக்கிய தூபி ஒன்றின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. இரத்தமிருத்திகை என்னும் ஊரினனாகிய மாநாவிகன் புத்தகுப்தன் தன் கடற்செலவு நன்கு முடிய வேண்டி அதனை அமைத்தான் என்பது அதன் எழுத்துகளால் விளங்குகிறது. எழுத்தின் வடிவம் கொண்டு அது 5-ஆம் நூற்றாண்டினது என்பர். அவனுடைய ஊர் வங்கத்தில் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் துணிபு. கடலின் நடுவே உயிரையும் பொருளையும் காற்றின் கையில் ஒப்புவித்துச் செல்லும் மாலுமி, கரை சேர்ந்த இடத்தில் முழுத் தூபி எழுப்ப இயலாதவனாய், அதன் உருவைக் கல்லில் வரைந்து தன் வேண்டுதலைப் பொறித்தான். இந்தச் சிறு கல்லை அளவு கொண்டு எடைபோடுவது பொருந்துமா? அவன் அச்சமும் நம்பிக்கையும் அதில் ஒருங்கே பதிந்துள்ளன.

கடலோடிகள் அவலோகிதரைப் பெரிதும் போற்றியமைக்கும் இதுவே காரணம். கப்பல் உடையும் இடரினின்றும் காப்பவர் அவர் என மகாயான நூல்கள் கூறும். பேராக் மாநிலத்து ஈயச் சுரங்கங்களில் அவலோகிதர் வெண்கலங்கள் கிடைத்துள்ளன. 1936-இல் பிடோரில் வெளிப்பட்ட எட்டுக்கைப் படிமம் அவற்றுள் புகழ் பெற்றது. கடல்வணிகத்தின் வழியே வந்த சமயம் உள்நாட்டிலும் ஊன்றியிருந்தது என்பதை அவை காட்டுகின்றன.

படிமங்களின் போக்குவரவு ஒருவழிப் போக்காயும் இருந்ததில்லை. பீகாரில் கயைக்கு அண்மையிலுள்ள குர்கிகார் என்னும் சிற்றூரில் 1930-இல் இருநூற்றுக்கு மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் ஒருங்கே கிடைத்தன. அவற்றின் பீடங்களில் படிமம் அளித்தோரின் பெயர்கள் உள்ளன. அவர்களுள் சிலர் காஞ்சியிலிருந்து சென்றவர் என அவ்வெழுத்துகளே கூறுகின்றன. புத்தர் மெய்ப்பொருள் உணர்ந்த மண்ணைக் காண நெடுவழி நடந்த காஞ்சித் துறவியர், அங்குள்ள பள்ளியில் தம் பெயரால் ஒரு சிறு படிமத்தை வைத்து மீண்டனர் அல்லது அங்கேயே தங்கினர். தமிழகத்துப் பௌத்தத்தைப் பேசும்போது பூம்புகாரையும் காஞ்சியையும் நாகையையும் கூறுவோர், குர்கிகாரையும் உடன் கூறுதல் வேண்டும்.

நாகையின் வெண்கலங்கள்

சிறு படிமங்களின் கலைநலத்தை ஆராய நாகப்பட்டினத்து வெண்கலங்களினும் சிறந்த களம் தமிழர்க்கு இல்லை. ஸ்ரீவிசயத்துக்கும் கடாரத்துக்கும் வேந்தனாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகையில் சூடாமணி விகாரத்தை எடுப்பித்தான். முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்ற ஏடுகளில் இக்கொடை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. 1025-இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தின்மேற் சென்றது. ஆயினும் பள்ளி அழியவில்லை. 1090-இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்தரையனின் வேண்டுகோட்கு இணங்கி, அங்குள்ள பெரும்பள்ளிகளின் உரிமைகளை உறுதி செய்தான். வேந்தர் பகைத்த காலத்தும் பள்ளியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாகையில் 1856 தொடங்கி எண்பது ஆண்டுகளுக்குள் பல முறையாக மண்ணுள்ளிருந்து 350 அளவில் பௌத்த வெண்கலங்கள் வெளிப்பட்டன. அவற்றை முறையாக ஆராய்ந்து, சென்னை அரும்பொருட் காட்சியகத்தின் வெளியீடாக 1954-இல் நூல் எழுதியவர் தி.நா. இராமச்சந்திரன். உருவ அமைதிகளையும் கால வரிசையையும் அவர் வகுத்த முறையே பின்வந்த ஆய்வுகட்கெல்லாம் அடிப்படையாயிற்று.

அப்படிமங்களுள் நின்ற கோலத்துப் புத்தர் குறிப்பிடத்தக்கவர். வலக்கை அஞ்சேல் என்று உயர்ந்திருக்கிறது. ஆடை இரு தோள்களினின்றும் இறங்கி உடலோடு ஒட்டி நிற்பதால் உறுப்புகளின் திரட்சி மறையாமல் தோன்றுகிறது. சுருள் சுருளான முடியின்மேல் தீக்கொழுந்து ஒன்று எழுகிறது. ஞானம் சுடர்விடுதலைக் குறிக்கும் இக்கொழுந்து நாகைப் படிமங்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இலங்கைப் படிமங்களிலும் சயாம் நாட்டுப் படிமங்களிலும் இது காணப்படுவதால், கடலின் இரு கரையும் ஒரே கலைமொழியைப் பேசின எனலாம். அமர்ந்த கோலத்துப் படிமங்கள் சிலவற்றில், அரசமரத்தின் கீழ்த் தியானத்தில் இருக்கும் பெருமானின் இருமருங்கும் நாகவேந்தர் கவரி வீசி நிற்கின்றனர். சின்னஞ்சிறு பரப்பில் இலை, குடை, மகரம், நாகம் ஆகிய அனைத்தையும் அமைத்தும் நடுவிலுள்ள முகத்தின் அமைதி கலையாமல் காத்தது சிற்பியின் திறம். மெழுகில் வடித்து, மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையில் ஒரு விரலளவு முகத்தில் புன்னகையை நிறுத்துதல் எளிய செயல் அன்று. பெரும் படிமத்தில் உளியாற் பின்னர்த் திருத்தலாம். சிற்றுருவில் மெழுகிலே நேர்ந்த பிழை உலோகத்திலும் நின்றுவிடும்.

எல்லாப் படிமங்களும் ஒரே தரத்தன என்று கூறுதல் நடுநிலை ஆகாது. சோழர் காலத்தன உயிர்ப்புடன் விளங்க, பிற்காலத்தன பலவற்றில் உறுப்புகள் விறைத்து, முகம் வெறும் வாய்பாடாக மாறி, தீக்கொழுந்தும் அணிகலன் போலாகி விடுகின்றது. கலைநோக்கில் இது தளர்ச்சியே. ஆனால் சமய நோக்கில் இத்தளர்ந்த படிமங்களே ஒரு பேருண்மையைச் சொல்கின்றன. சோழப் பேரரசு மறைந்த பின்னரும், கடாரத்து வேந்தரின் ஆதரவு நின்ற பின்னரும், விசயநகரக் காலம் வரையில் நாகையில் புத்தர்க்குப் படிமம் செய்வித்து வழிபட்டோர் இருந்தனர். தமிழகத்தில் பௌத்தம் முன்னரே மறைந்தது எனப் பொதுவாகக் கூறும் வரலாற்றுக்கு இப்படிமங்கள் மறுப்பாக நிற்கின்றன. கலைத்தரம் குறைந்தவை எனத் திறனாய்வாளன் ஒதுக்கிவிட்டால் வரலாறு ஒரு சான்றை இழந்துவிடும்.

பீடங்களில் உள்ள தமிழ் எழுத்துகளோ தனியே ஆராயத்தக்கவை. இன்று நியூயார்க்கில் ஆசியச் சங்கத்தின் தொகுப்பில் உள்ள நாகைப் புத்தர், ஏறத்தாழ 69 செ.மீ. உயரமுடையவர், இவ்வகையில் பெரியவர் என்றே கூறவேண்டும். அதன் பீடத்திலுள்ள தமிழ் வாசகம், இராசேந்திர சோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியைக் குறிப்பதோடு, திருவிழாவில் எழுந்தருளுதற்குரிய படிமம் அது என்பதையும் தெரிவிக்கிறது. புத்தரைச் சுட்ட ஆங்கு வழங்கும் சொல் 'நாயகர்'. கோயிலைக் குறிக்க வழங்குவது 'ஆழ்வார் கோயில்'. ஆழ்வார் என்றதும் வைணவ அடியாரையே நினைக்கப் பழகிய தமிழாசிரியர் இவ்விடத்தில் சற்றே நிற்றல் வேண்டும். ஒரே மண்ணில் வாழ்ந்த சமயங்கள் வாதிட்டன என்பது உண்மை. அவை ஒரே தமிழால் தம் தலைவரை அழைத்தன என்பதும் உண்மை. உலோக வினைஞராகிய அக்கசாலையார் தமக்கெனப் பெரும்பள்ளி கொண்டிருந்தனர் என்பதும், புத்தரும் திருவீதியில் எழுந்தருளினார் என்பதும் இச்சில வரிகள் இன்றேல் தெரியாமலே போயிருக்கும்.

மண்ணில் பெருகிய அறம்

வெண்கலம் செய்விக்கப் பொருள் வேண்டும். மண்ணுக்கு அது வேண்டுவதில்லை. அச்சில் ஈரமண்ணை வைத்து அழுத்தி எடுத்தால் ஒரு படிமம் பிறந்துவிடும். இவ்வகை மண்வில்லைகள் கயை, நாளந்தை முதலாய இடங்களிலிருந்து பர்மா, சயாம், மலாய்த் தீபகற்பம், சாவகம் வரை எங்கும் கிடைக்கின்றன. பெர்லிஸ், கிளந்தான் மாநிலங்களின் சுண்ணாம்புக்கற் குகைகளிலும் சுடாத மண்வில்லைகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. அளவால் அவை சிறியன. ஆனால் புத்தரும் போதிசத்துவரும் அவற்றில் புடைப்புருவமாக விளங்குகின்றனர்.

சீனத் துறவி இத்சிங் 671-இல் தம் நாட்டினின்றும் கப்பலேறி, ஸ்ரீவிசயத்தில் தங்கி, கடாரத்தின் வழியாக இந்தியா சென்றவர். துறவியரும் இல்லறத்தாரும் களிமண்ணால் தூபி சமைப்பதையும், பட்டிலும் தாளிலும் புத்தர் உருவை அச்சிடுவதையும் அவர் தம் குறிப்பில் எழுதியுள்ளார். தூபியினுள் ஆசானின் உடற்சின்னத்தையும், காரணத் தொடரைக் கூறும் செய்யுளையும் வைப்பர் என்றும் அவர் கூறுகிறார். கெடாவில் குவாரிச் வேல்சு 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் மகாயான நூல் ஒன்றின் செய்யுள்களைத் தாங்கிய சிறு மண்தகடு வெளிப்பட்டது. இத்சிங் சொன்ன வழக்கம் கடாரத்திலும் இருந்தது என்பதற்கு அத்தகடு சான்று பகர்கிறது. அவருக்கு முற்பட்ட இயூவான் சுவாங், மகதத்துச் சயசேனர் என்னும் அறிஞர் முப்பது ஆண்டுகளில் இத்தகைய சிறு தூபிகள் ஏழு கோடி சமைத்ததாகக் குறிப்பிடுகிறார். எண்ணைப் பற்றி ஐயுறுவோர் ஐயுறலாம். பெருக்குதலே அறம் எனக் கருதிய மனநிலையைப் பற்றி ஐயம் இருக்க இடமில்லை. சப்பானில் 764 முதல் 770 வரையில் சோதோகுப் பேரரசி பத்து இலட்சம் சிறு மரத்தூபிகளைச் செய்வித்து, ஒவ்வொன்றினுள்ளும் அச்சிட்ட மந்திரச் சுருள் ஒன்றை வைத்துப் பத்துக் கோயில்களுக்கு வழங்கினாள். நூல் அச்சிடும் கலையின் வரலாற்றில் அச்சுருள்கள் முன்னிடத்தில் வைத்து எண்ணப்படுகின்றன.

இங்குத் திறனாய்வாளன் ஒரு வினாவை எதிர்கொள்ள வேண்டும். ஒரே அச்சினின்றும் ஆயிரம் படிமம் எடுத்தால் அவற்றுள் கலை எங்கே உளது? அச்சை வெட்டியவனிடம் கலை உளது என்பது ஒரு விடை. அது சரியே, பெர்லிஸ் வில்லைகளில் பல கைகளையுடைய அவலோகிதரை ஒரு விரற்கடைப் பரப்புகளில் அமைத்த நுட்பம் அச்சுவினைஞனுக்கே உரியது. ஆயினும் இவ்விடை முழுமையானது அன்று. மண்வில்லையின் சமயப் பொருள் அதன் முகத்தில் மட்டும் இல்லை, முதுகிலும் உண்டு. பலவற்றின் பின்புறத்தில் மண்ணை அழுத்தியவரின் விரற்பதிவு அப்படியே நிற்கிறது. முன்புறத்தில் புத்தர், பின்புறத்தில் பெயரறியாத அடியவர். காட்சியகங்கள் முன்புறத்தை மட்டும் காட்டிப் பின்புறத்தைச் சுவருக்குக் காட்டுகின்றன. பாதியை மறைத்து வைத்துவிட்டு முழுமையை எவ்வாறு மதிப்பிடுவது?

பர்மாவின் பாகனை ஆண்ட அனிருத்தன் 1044 முதல் 1077 வரை அரசு செலுத்தியவன். தன் பெயர் பொறித்த சுடுமண் வில்லைகளை அவன் பல இடங்களில் வைத்தான். வீடுபேறு கருதித் தன் கையாலேயே செய்ததாக அவற்றுட் சிலவற்றின் எழுத்து கூறுகிறது. பெருங்கோயில் எடுக்க வல்ல வேந்தன் ஏன் மண்ணைப் பிசைந்தான்? பிறரைக் கொண்டு செய்விக்கும் அறத்தினும் தன் கையாற் செய்யும் அறத்தை அவன் உயர்வாகக் கருதினான் என்பதே பொருந்திய விடை. மண்வில்லையின் முன் அரசனும் குடியானவனும் ஒரே செயலையே செய்கின்றனர். பொருளற்றவர் சிறு படிமம் கொண்டனர் என்னும் கருத்து இவ்விடத்தில் தளர்ந்து வீழ்கிறது.

வருங்காலத்துக்கு வைத்த வித்து

ஸ்ரீவிசயப் பேரரசை 1918-இல் அறிவுலகுக்கு அடையாளம் காட்டிய பிரெஞ்சு அறிஞர் சார்சு செடேசு, 1920-களில் சயாமிய மண்வில்லைகளைப் பற்றியும் எழுதினார். தொடக்கத்தில் இவை திருத்தல யாத்திரையின் நினைவுப் பொருளாக இருந்தன என்றும், பின்னர்ப் புண்ணியம் கருதிச் செய்யப்பட்டன என்றும் அவர் கூறினார். அவர் மேலும் ஒரு கருத்தை முன்வைத்தார். புத்தர் நெறி ஐயாயிரம் ஆண்டுகளின் பின் உலகினின்றும் மறையும் என்பது பௌத்தரின் நம்பிக்கை. அந்நாளில் மண்ணைத் தோண்டுவோர் இவ்வில்லைகளைக் கண்டு, இப்படி ஒருவர் இருந்தார், இன்னது உரைத்தார் என அறியவேண்டும் என்னும் எண்ணத்தாலேயே புத்தர் உருவும் அறச்செய்யுளும் சேர்த்துப் புதைக்கப்பட்டன என்பது அக்கருத்து.

இக்கருத்து நெஞ்சைத் தொடுவது. ஆயினும் அதனை எல்லா வில்லைகளுக்கும் பொருத்துதல் ஆகாது. நெடுங்காலம் நிலைக்கவேண்டும் என்னும் எண்ணமே முதன்மையானால், தீபகற்பத்துக் குகைகளில் உள்ள வில்லைகளைச் சுடாமல் விட்டிருக்க மாட்டார்கள். சுடாத மண் நீர் பட்டால் கரையும். ஆகவே அவற்றைச் செய்தோர்க்குச் செய்யும் செயலே அறமாக இருந்திருக்கவேண்டும். நிலைபேற்றைக் குகையின் வறண்ட இருள் தற்செயலாகத் தந்தது. சுடுமண்ணிலும் வெண்கலத்திலும் எழுத்துப் பொறித்துப் பொதிந்தவற்றிற்கே செடேசின் கருத்து முழுமையாகப் பொருந்தும். அடுத்து வரும் புத்தராகிய மைத்திரேயரை எதிர்நோக்கும் நம்பிக்கையும் இதனோடு இயைவதே. நாகைப் படிமங்களுள்ளும் முடியில் தூபி தாங்கிய மைத்திரேயர் உண்டு.

தோன்றியவை அனைத்தும் அழியும் என்பது புத்தரின் போதனை. அதனைக் கற்றவர் தாம் எழுப்பிய விகாரமும் அழியும் என்பதை அறியாதவரா? வரலாறும் அவ்வாறே நிகழ்ந்தது. நாகையில் எஞ்சி நின்ற பழைய செங்கற் கோபுரம் 1867-இல் அரசின் இசைவுடன் இடிக்கப்பட்டது. பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் பெற்ற பழங்கோயிலின் அடிப்பகுதி நிலமேம்பாட்டு வேலையின்போது அழிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளிப்பட்டு மக்களை வருத்தியது. பெரியவை வீழ்ந்தன. மண்ணுள் கிடந்த சிறியவை எஞ்சின. நாகை விகாரத்தில் ஒரு சுவர் கூட நில்லாத இன்றைய நாளில், அங்கு என்ன வழிபாடு நடந்தது என்பதைச் சொல்ல வல்லவை அவ்வெண்கலங்களே.

ஆனால் எஞ்சியவற்றிற்கும் இன்று இருவகை இடர் உண்டு. நாகை வெண்கலங்கள் பல நாட்டுக் காட்சியகங்களுக்கும் தனியார் தொகுப்புகளுக்கும் பிரிந்து சென்றுவிட்டன. எந்தக் குழியில் எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்னும் செய்தியை இழந்த படிமம் பாதி ஊமையாகிவிடுகிறது. ஒரு வில்லை தனியே கிடைத்தால் அது ஓர் உருவம். குகையில் அடுக்கிய நூற்றோடு கிடைத்தால் அது ஒரு வழிபாடு. இஃது ஓர் இடர். மண்வில்லையின் வழித்தோன்றலாகிய தாயத்துப் படிமங்கள் விலைபேசும் பண்டமாகிவிட்டது மற்றோர் இடர். தாய்லாந்தில் இவ்வழக்கம் எவ்வாறு வளர்ந்தது என்பதை இலங்கைத் தமிழரான மானிடவியல் அறிஞர் தம்பையா 1984-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கொடுப்பதற்காகவும் புதைப்பதற்காகவும் செய்யப்பட்ட பொருள், கழுத்தில் அணிந்து தன்னைக் காத்துக்கொள்ளும் பொருளாக மாறிற்று. அதனை அணிவோரின் நம்பிக்கையை இகழ்தல் முறையன்று. எனினும் பழைய வில்லைகளைத் தோண்டி விற்போர் கையில் வரலாறு அழிகிறது என்பதை மறைத்தலும் முறையன்று.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு கடமை உண்டு. மாணவரைக் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, "இது புத்தர் சிலை" என்று கூறி நகர்வது போதாது. ஆடையும் முடிமேற் கொழுந்தும் கண்டு புத்தரையும், ஆடையின்மையும் முக்குடையும் கண்டு அருகரையும் பிரித்தறியப் பழக்கலாம். அதன்பின், இதனை யார் செய்வித்தார், எங்கே வைத்தார், எவ்வாறு கொண்டு சென்றார், எதன்பொருட்டு மண்ணுள் விட்டார் என வினவச் செய்யலாம். பீடத்தின் எழுத்தையும் வில்லையின் முதுகையும் பார்க்கச் சொல்லலாம். மணிமேகலையின் காதைகளைக் கற்கும் மாணவன், அந்நெறியைக் கைக்கொண்டு வாழ்ந்த அக்கசாலையாரையும், காஞ்சித் துறவியரையும், கடாரத்துக் கரையில் வேண்டுதல் பொறித்த மாலுமியையும் உடன் அறிந்தால், காப்பியம் அவனுக்கு ஏட்டுப் பாடமாக மட்டும் இராது. சாணளவு வெண்கலமும் உள்ளங்கை மண்ணும் தாங்கிய செய்தி ஆயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்து சேர்ந்துள்ளது. அதனைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே நாம் ஆற்றவேண்டிய பணி.